ஜாவா கோடில் வரும் ‘கிளாஸ்’ எங்கே பிறந்தது? - கிறிஸ்டன் நைகார்டின் கதை

ராத்திரி பத்து மணி. மறுநாள் காலையில் கிளையன்டுக்கு டெமோ. ரன் பட்டனை அழுத்தினால் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து: நல் பாயின்டர் எக்ஸெப்ஷன். ஐ.டி. துறையில் இருப்பவர்களுக்கு இது ரொம்பவே பழகிய காட்சி. எந்த ஆப்ஜெக்ட் காலியாக வந்தது, யார் அதை ‘நியூ’ போட்டு உருவாக்க மறந்தார்கள், ஒரே கோடு நான்கு கிளாஸ்களில் ஏன் கிடக்கிறது என்று தேடித் தேடியே பாதி ராத்திரி போய்விடும்.

கிளாஸ், நியூ, திஸ், விர்ச்சுவல். ஜாவாவிலோ சி பிளஸ் பிளஸ்ஸிலோ தினமும் தட்டச்சு செய்யும் இந்தச் சொற்கள் அந்த மொழிகளில் பிறந்தவை அல்ல. 1960களில், நார்வே தலைநகர் ஆஸ்லோவில், இரண்டு பேர் ஒரு கரும்பலகை முன்னால் நின்று கத்திச் சண்டை போட்டு உருவாக்கியவை. ஒருவர் ஒலே-யோஹான் டால். இன்னொருவர் கிறிஸ்டன் நைகார்ட். (நார்வேக்காரர்கள் வாயில் இந்தப் பெயர் ஏறக்குறைய ‘நீகோர்’ என்று ஒலிக்கும். எழுத்தைப் பார்த்துப் படிக்கும் நமக்கு நைகார்ட்தான் வசதி.)

கம்ப்யூட்டர் வரலாற்றில் பெரிய பெயர் எடுத்த பலருக்கு அதோடு கதை முடிந்துவிடும். நைகார்டுக்கு அப்படி இல்லை. தான் செய்த கருவி யார் கைக்குப் போகும் என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. அது அவரைத் தொழிற்சங்க அலுவலகங்களுக்கும், கடைசியில் ஒரு நாட்டின் வாக்கெடுப்புக்குமே இழுத்துக்கொண்டு போனது.

கையால் போட்ட கணக்கு

1926 ஆகஸ்ட் 27 அன்று ஆஸ்லோவில் பிறந்தவர் நைகார்ட். கணிதம் படித்தார். 1948இல் ராணுவச் சேவைக்காக நார்வே பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போனவர், அங்கேயே பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிவிட்டார்.

அந்தச் சமயத்தில் நார்வே தன் முதல் அணு உலையைக் கட்டிக்கொண்டிருந்தது. யுரேனியத் தண்டுகள் நியூட்ரான்களை எவ்வளவு உறிஞ்சும் என்று கணக்குப் போட வேண்டும். வழக்கமான முறையில் போட்டுப் பார்த்தார்கள், வேலை நீண்டுகொண்டே போனது. அதனால் 1949-50இல் நைகார்டின் குழு ‘மான்டே கார்லோ’ முறைக்கு மாறியது. நியூட்ரானின் பயணத்தைச் சீட்டுக் குலுக்குவதுபோல ரேண்டம் எண்களைக் கொண்டு நடத்திப் பார்ப்பது. அப்படிப் பல நூறு தடவை நடத்தி, சராசரியாக என்ன ஆகிறது என்று கண்டுபிடிப்பது. கம்ப்யூட்டர் இல்லை. எல்லாமே கைக்கணக்கு.

பிறகு அவர் போனது ‘ஆபரேஷன்ஸ் ரிசர்ச்’ என்ற துறைக்கு. ராணுவமோ தொழிற்சாலையோ, ஒரு பெரிய அமைப்பு எப்படி ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று ஆராய்வது. இங்கேயும் போலி ஓட்டம், அதாவது சிமுலேஷன்தான் முக்கியக் கருவி. ஆனால், ஒவ்வொரு தடவையும் ஒரே தலைவலி. நியூட்ரானுக்காவது சமன்பாடு உண்டு. மனிதர்களும் இயந்திரங்களும் கலந்து வேலை செய்யும் இடத்தை எந்த மொழியில் எழுதி வைப்பது? ஆங்கிலத்திலோ நார்வேஜியனிலோ எழுதினால் தெளிவு போதாது. கணிதத்தில் எழுதினால் பாதி விஷயம் விட்டுப்போகும். மெஷின் கோடில் எழுதினால் எழுதியவருக்கே அடுத்த மாதம் புரியாது.

ஒரு அமைப்பை வர்ணிக்கவும் வேண்டும், அந்த வர்ணனையை அப்படியே கம்ப்யூட்டரில் ஓட்டவும் வேண்டும். அதற்கு ஒரு மொழி தேவை. 1960இல் நார்வே கணினி மையத்தில் சேர்ந்த நைகார்ட், அடுத்த ஆண்டு இந்த யோசனையில் மும்முரமாக இறங்கினார். அவருக்கு நிரலாக்கம் அவ்வளவு கைவந்த கலை அல்ல. அதில் கில்லாடி யாரென்று அவருக்குத் தெரியும். பாதுகாப்பு நிறுவனத்தில் கூட வேலை பார்த்த டால்.

இருவரும் இரண்டு துருவம். நைகார்ட் ஆள் பெரியவர், குரலும் பெரியது. எந்தக் கூட்டத்திலும் வாதத்துக்குத் தயார். டால் அமைதியானவர். கம்ப்யூட்டரை விட்டால் பியானோ.

வரிசையில் நிற்கும் ஆளை எப்படி எழுதுவது?

ஒரு தபால் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு கவுன்டர். ஆட்கள் வருகிறார்கள், வரிசையில் நிற்கிறார்கள், ஒருவர் மணியார்டர் கட்டிவிட்டு அடுத்த கவுன்டரில் தபால்தலை வாங்கப் போகிறார். இதைக் கம்ப்யூட்டரில் ஓட்ட வேண்டும்.

முதலில் டாலும் நைகார்டும் கவுன்டரைத்தான் கதாநாயகனாக வைத்தார்கள். கவுன்டர் வேலை செய்யும். வாடிக்கையாளர் என்பது அதன் வழியாக ஓடும் வெறும் டோக்கன். ஆனால் விமான நிலையம் போன்ற இடத்தை இப்படி எழுதிப் பார்த்தால் சிக்கல் புரிந்தது. பயணி ஒரு கவுன்டரிலிருந்து இன்னொன்றுக்குப் போகிறார், நடுவில் காத்திருக்கிறார், மனம் மாறுகிறார். கதை பயணியிடம்தான் இருக்கிறது. கவுன்டர் பார்வையிலிருந்தும் எழுதலாம், பயணி பார்வையிலிருந்தும் எழுதலாம். அப்படியானால் இரண்டையும் ஒரே மாதிரி நடத்தினால் என்ன? 1964 தொடக்கத்தில் அவர்கள் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஒவ்வொன்றும் தனக்கென்று தகவலும் தனக்கென்று செயலும் வைத்திருக்கும் ஒரு ‘ப்ராசஸ்’. கொஞ்ச தூரம் ஓடும், நிற்கும், மற்றவருக்கு வழிவிடும், விட்ட இடத்திலிருந்து தொடரும்.

தகவலும் செயலும் ஒரே பொட்டலத்தில். ஆப்ஜெக்ட் என்று இன்று சொல்வதன் விதை அதுதான்.

யோசனை ஜோர். ஆனால் அன்றைய மொழிகள் இதற்கு ஒத்துழைக்கவில்லை. அவர்கள் அடித்தளமாக எடுத்தது அல்கால் 60. அதில் ஒரு ‘பிளாக்’ ஓடும்வரைதான் அதன் மாறிகள் உயிரோடு இருக்கும். பிளாக் முடிந்தால் எல்லாம் காலி. ஒரு பிளாக்குக்குள் இன்னொரு பிளாக். கல்யாண மண்டபத்தில் அடுக்கி வைத்த தட்டு மாதிரி, கடைசியில் வைத்தது முதலில் வெளியே வரும். ‘ஸ்டாக்’ என்பது இதுதான்.

தபால் நிலையத்தில் ஆட்கள் அப்படியா போகிறார்கள்? முதலில் வந்தவர் மணியார்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, பின்னால் வந்தவர் ஒரு தபால்தலை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். நடுத் தட்டை உருவ வேண்டும். உருவினால் அடுக்கு சரியும்.

டால் அடுக்கையே தூக்கிப் போட்டார். ஒவ்வொரு ப்ராசஸுக்கும் மெமரியில் எங்கே காலி இடம் இருக்கிறதோ அங்கே ஒரு துண்டு. யாரும் அதைச் சுட்டவில்லை என்றால் அந்தத் துண்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இந்தக் குப்பை அள்ளும் வேலையை மொழியே பார்த்துக்கொள்ளும், நிரலாளர் கவலைப்பட வேண்டாம்.

ஜாவா எழுதுபவர்களுக்கு இது எங்கேயோ கேட்ட கதையாக இருக்கும். மெத்தடுக்குள் எழுதும் லோக்கல் மாறிகள் ஸ்டாக்கில் இருக்கின்றன, மெத்தட் முடிந்ததும் போய்விடுகின்றன. ‘நியூ’ போட்டு உருவாக்கும் ஆப்ஜெக்ட் ஹீப்பில் இருக்கிறது. யாராவது அதைப் பிடித்துக்கொண்டிருக்கும்வரை போகாது. ஜாவாவில் மெமரி லீக் வராது என்று நினைத்து ஒரு ஸ்டாடிக் லிஸ்ட்டில் ஆப்ஜெக்ட்களைச் சேர்த்துக்கொண்டே போய், பிறகு சர்வர் ஏன் படுத்தது என்று மண்டையைப் பிய்த்துக்கொள்பவர்கள் உண்டு. காரணம் எளிது. ஆள் தபால் நிலையத்தை விட்டுப் போய்விட்டார். ஆனால் வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் அடிக்கப்படவில்லை. குப்பை அள்ளுபவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

மொழியைக் கொடுத்துக் கம்ப்யூட்டரை வாங்கியவர்

யோசனை தயார். ஓட்டிப் பார்க்கப் பெரிய இயந்திரமும் பணமும் வேண்டும். நிதி கொடுக்க வேண்டிய இடங்களில் கிடைத்த பதில்கள் இன்றைய ஸ்டார்ட்அப் நிறுவனர்களுக்கும் பழக்கமானவைதான். இதற்கு உபயோகமே இருக்காது என்றார்கள் சிலர். உபயோகம் உண்டு, ஆனால் ஏற்கெனவே யாரோ செய்துவிட்டார்கள் என்றார்கள் வேறு சிலர். உங்கள் யோசனை அவ்வளவு தரமில்லை என்ற பதிலும் வந்தது. நார்வே மாதிரிச் சின்ன நாட்டுக்கு இது எதற்கு, பெரிய நாடுகள் செய்யட்டும் என்பதும்தான்.

இங்கேதான் நைகார்டின் இன்னொரு முகம் உதவியது. அவர் நல்ல வியாபாரி. 1962 மே மாதம் அமெரிக்காவின் யூனிவாக் நிறுவனம், தன் புதிய யூனிவாக் 1107 கம்ப்யூட்டரைக் காட்டி விற்பதற்காகச் சில ஐரோப்பியர்களை அழைத்துப் போனது. அதில் நைகார்டும் ஒருவர். இயந்திரத்தை வாங்கத்தான் கூப்பிட்டார்கள். அவரோ அங்கே போய்ச் சிமுலாவை விற்கத் தொடங்கினார். கடைசியில் நார்வே கணினி மையத்துக்கு யூனிவாக் 1107 பெரிய தள்ளுபடியில் கிடைத்தது. பதிலுக்கு மையம் யூனிவாக்குக்குச் சிமுலா கம்பைலரை எழுதித் தர வேண்டும். அதே ஆண்டு மியூனிக் நகரில் நடந்த உலகக் கணினி மாநாட்டில் சிமுலா பற்றிய கட்டுரையும் வாசிக்கப்பட்டது. மொழி அப்போது காகிதத்தில்தான் இருந்தது!

இயந்திரம் 1963இல் வந்தது. டாலும் கணினி மையத்துக்கு மாறினார். அவர் உட்கார்ந்து கம்பைலர் எழுத, 1965 தொடக்கத்தில் சிமுலா 1 ஓடியது.

சுங்கச்சாவடியில் பிறந்த இன்ஹெரிட்டன்ஸ்

சிமுலா 1 பலருக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை நிறையப் பயன்படுத்தியபோது குறைகள் தெரிந்தன. முக்கியமான குறை, இன்றைக்கும் எந்தக் கோடு ரிவ்யூவிலும் முதலில் அடிபடும் விஷயம்தான்: காப்பி-பேஸ்ட்.

ஒரு பாலம், அதில் சுங்கச்சாவடி. லாரி, பஸ், கார் எல்லாம் வரிசையில் நிற்கின்றன. வரிசையில் நிற்கும் எதற்கும் முன்னால் யார், பின்னால் யார் என்ற தகவல் வேண்டும். சேருவது, விலகுவது என்ற செயல்கள் வேண்டும். இதை லாரிக்கு ஒரு தடவை, பஸ்ஸுக்கு ஒரு தடவை, காருக்கு ஒரு தடவை எழுதுவதா? நாளைக்கு ஆம்புலன்ஸ் வந்தால் நான்காவது தடவையா? வரிசைக் கோடில் ஒரு பிழை இருந்தால் நான்கு இடத்தில் திருத்த வேண்டும். மூன்று இடத்தில் திருத்திவிட்டு நான்காவதை மறப்பதுதான் மனித இயல்பு.

1966 செப்டம்பரில் பிரான்ஸில் நடந்த ஒரு கோடைப் பள்ளியில் டோனி ஹோரின் ‘ரெக்கார்டு’ பற்றிய கருத்துகள் டாலுக்கும் நைகார்டுக்கும் பெரிய வெளிச்சமாக இருந்தன. ஆனால் அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியவில்லை. வரிசைக் கோடை எழுதுபவருக்கு, பின்னாளில் யார் என்னென்ன வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள் என்று தெரியாது. தெரியாமலே எழுத முடிய வேண்டும்.

விடை கிடைத்தது 1966 முடிந்து 1967 பிறக்கும் சமயத்தில். வரிசைக்கான விஷயங்களை மட்டும் ஒரு தனி கிளாஸாக எழுது. லாரி என்ற கிளாஸை எழுதும்போது அதன் பெயருக்கு முன்னால் அந்த வரிசை கிளாஸின் பெயரை ஒட்டு. அவ்வளவுதான். லாரி ஆப்ஜெக்ட் உருவாகும்போது இரண்டு அடுக்கும் சேர்ந்து ஒரே பொருளாகிவிடும். வரிசைக் கோடுக்குத் தன் அடுக்கு மட்டும் தெரிந்தால் போதும், அதற்கு மேல் இருப்பது லாரியா ஆம்புலன்ஸா என்று தெரிய வேண்டியதில்லை. முன்னொட்டு என்று அவர்கள் அழைத்த இதைத்தான் ஜாவாவில் ‘எக்ஸ்டெண்ட்ஸ்’ என்று எழுதுகிறோம்.

அதே ஆண்டு சேர்ந்தது விர்ச்சுவல். சுங்கச்சாவடி உதாரணத்தையே நீட்டிப் பார்க்கலாம். கட்டணம் வசூலிக்க வேண்டும். லாரியாக இருந்தால் இவ்வளவு, பஸ்ஸாக இருந்தால் இவ்வளவு என்று இஃப்-எல்ஸ் போட்டு எழுதினால், புது வண்டி வரும்போதெல்லாம் சாவடியின் கோடைத் திறக்க வேண்டும். அதற்குப் பதிலாக, கட்டணம் என்ற செயலுக்குப் பொதுவாகப் பெயர் மட்டும் வைத்துவிட்டு, கணக்கிடும் விதத்தை அந்தந்த வண்டியின் கிளாஸிலேயே எழுதிவிடலாம். சாவடி, வரும் வண்டியைப் பார்த்து உன் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் போதும். பதில் வண்டியிடமிருந்து வரும். நூறு வரி நீளும் இஃப்-எல்ஸ் ஏணியைப் பார்க்கும் சீனியர் டெவலப்பர் முகம் சுளிப்பதற்குக் காரணம், அதற்கான மருந்து 1967லேயே வந்துவிட்டது என்பதுதான்.

அந்த மாதங்களில் கணினி மையத்தில் நடந்த ஒரு சம்பவத்தை டாலும் நைகார்டும் பிற்பாடு தங்கள் வரலாற்றுக் கட்டுரையில் சிரிப்போடு பதிவு செய்திருக்கிறார்கள். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவர் பதறியடித்துக்கொண்டு தொலைபேசி ஆபரேட்டரிடம் ஓடினார். மாடி வராந்தாவில் கரும்பலகை முன்னால் இரண்டு பேர் பயங்கரமாகச் சண்டை போடுகிறார்கள், என்ன செய்வது என்று கேட்டார். அந்தப் பெண்மணி வெளியே வந்து சில நொடிகள் காது கொடுத்துக் கேட்டார். பயப்படாதீர்கள், டாலும் நைகார்டும் சிமுலா பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

1967 மே மாதம் ஆஸ்லோவில் லீசெபூ என்ற இடத்தில் நடந்த மாநாட்டில், கிளாஸ் - சப்கிளாஸ் பற்றிய கட்டுரை வாசிக்கப்பட்டது. மொழிக்குப் பெயர் சிமுலா 67.

அந்த நல் பாயின்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைச் சிமுலாவில் ‘நன்’ என்று எழுதுவார்கள். இதன் மூலம் ஹோர் 1965இல் அல்கால் மொழிக்காக வைத்த யோசனை. எழுதச் சுலபமாக இருந்ததால் சேர்த்துவிட்டதாகவும், அது எத்தனையோ கோடி நஷ்டத்துக்குக் காரணமான தவறு என்றும் 2009இல் அவரே ஒரு மாநாட்டில் வருத்தப்பட்டார். சிமுலா செய்த நல்ல காரியம், காலிச் சுட்டியைத் தொட்டால் கண்ட இடத்தில் போய் விழாமல் அங்கேயே நிறுத்திப் பிழை சொன்னது. ஆக, ராத்திரி பத்து மணிக்கு வரும் சிவப்பு எழுத்துகூட ஒருவகையில் உதவிதான். எங்கே விழுந்தோம் என்று வரி எண்ணோடு சொல்கிறதே.

நடைக்கூடத்தில் விரித்த காகிதச் சுருள்

அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் 1966 கடைசியில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஆலன் கே. அவர் மேஜையில் காத்திருந்தவை காந்த நாடாக்களும் ஒரு குறிப்பும். யூனிவாக் 1108க்கான அல்கால், ஆனால் சரியாக ஓட மாட்டேன் என்கிறது, ஓட வை என்று வேலை. கையேட்டைப் படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நார்வேஜியனில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதியதுபோல இருந்தது. கேயும் இன்னொரு மாணவரும் நிரலை அச்சடித்து, நடைக்கூடத்தில் 80 அடி நீளத்துக்கு விரித்து, அதன் மேல் தவழ்ந்து தவழ்ந்து படித்தார்கள். அப்போதுதான் அது வெறும் அல்கால் இல்லை, சிமுலா என்று தெரிந்தது. அந்த அனுபவம் கேயின் கையில் சில ஆண்டுகளில் ஸ்மால்டாக் ஆனது. ‘ஆப்ஜெக்ட் ஓரியன்டட்’ என்ற பெயரே அவர் வைத்ததுதான்.

இன்னொரு கிளை டென்மார்க் வழியாக. ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் படித்த பியார்ன் ஸ்ட்ரூஸ்ட்ரப், கேம்பிரிட்ஜில் பிஎச்.டி. செய்தபோது தன் சிமுலேட்டரைச் சிமுலாவில் எழுதினார். எழுதுவதற்குச் சுகமாக இருந்தது. ஆனால் ஓடும்போது நொண்டியது. வேறு வழியில்லாமல் முழுவதையும் பிசிபிஎல் என்ற கீழ்நிலை மொழியில் திருப்பி எழுதினார். அது வேகமாக ஓடியது, ஆனால் எழுதியது நரக வேதனை. இந்த இரண்டு அனுபவத்துக்கும் நடுவில் ஒரு மொழி வேண்டும் என்று 1979இல் பெல் ஆய்வகத்தில் அவர் தொடங்கியதுதான் பின்னாளில் சி பிளஸ் பிளஸ். அதன் தோற்றத்தை எடுத்துக்கொண்டு, சிமுலாவில் இருந்த குப்பை அள்ளும் வசதியையும் திரும்பச் சேர்த்து 1995இல் வெளிவந்தது ஜாவா.

நைகார்டுக்கு இந்த வெற்றியில் முழுத் திருப்தி இருந்ததா என்பது வேறு விஷயம். அவரைப் பொறுத்தவரை ஆப்ஜெக்ட் என்பது கோடை மிச்சப்படுத்தும் தந்திரம் அல்ல. நிரல் என்பது நிஜ உலகின் ஒரு பகுதியை வர்ணிக்கும் மாதிரி. நிஜத்தில் என்னென்ன பொருள்கள், யார் யாரோடு என்ன செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரிந்தால்தான் கிளாஸ் எழுதத் தொடங்க வேண்டும். இன்டர்வியூவுக்காக நான்கு தூண்களை மனப்பாடம் செய்துவிட்டு, நிஜத்தில் எல்லாவற்றையும் ஒரே ‘யூட்டில்ஸ்’ கிளாஸில் ஸ்டாடிக் மெத்தடாகக் கொட்டுவதும், இரண்டு வரி மிச்சம் பிடிப்பதற்காகச் சம்பந்தமே இல்லாத கிளாஸை எக்ஸ்டெண்ட் செய்வதும் அவர் சொன்னதற்கு நேர் எதிர். பஸ் ஒரு வண்டி என்பது நிஜம். அதனால் அங்கே இன்ஹெரிட்டன்ஸ் பொருந்தும். பஸ்ஸுக்குள் இன்ஜின் இருக்கிறது என்பதற்காகப் பஸ்ஸை இன்ஜினின் வாரிசாக்கினால், ஆறு மாதம் கழித்து யாரோ ஒருவர் அதைப் பிரிக்க முடியாமல் திண்டாடுவார்.

கருவி யார் பக்கம்?

1960களின் கடைசியில் நைகார்டை ஒரு விஷயம் உறுத்தத் தொடங்கியது. சிமுலாவால் தொழிற்சாலை ஒன்றின் முழு ஓட்டத்தையும் மாதிரியாக எழுதி, எந்த வேலையை எப்படி மாற்றலாம் என்று பார்க்க முடியும். பார்ப்பது யார்? நிர்வாகம். மாறுவது யாருடைய வேலை? தொழிலாளியுடையது. மாதிரிக்குள் அந்தத் தொழிலாளியும் ஒரு ஆப்ஜெக்ட். தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

வேறொருவராக இருந்தால் கருவியின் மேல் தப்பில்லை என்று நகர்ந்திருப்பார். நைகார்ட் தொழிற்சங்கத்தின் கதவைத் தட்டினார். நார்வே இரும்பு - உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து 1970களின் தொடக்கத்தில் ஒரு ஆய்வுத் திட்டம் தொடங்கியது. கம்ப்யூட்டர் வந்தால் வேலை எப்படி மாறும், அதில் தொழிலாளர்கள் என்ன கேட்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

திட்டத்தின் முதல் வடிவம் எல்லா ஆய்வுகளையும் போலத்தான் இருந்தது. நிபுணர்கள் போய்ப் பார்ப்பார்கள், அறிக்கை எழுதுவார்கள், சங்கத்திடம் கொடுப்பார்கள். பாதியில் நைகார்ட் குழு இதைத் தலைகீழாக மாற்றியது. அறிக்கை அலமாரிக்குத்தான் போகும் என்று புரிந்துவிட்டது. அதனால் தொழிற்சாலைகளில் இருக்கும் சங்கக் கிளைகளே படிக்க வேண்டும், விவாதிக்க வேண்டும், தங்கள் ஆலையில் வரும் கணினி முறையைத் தாங்களே அலச வேண்டும். சங்கம் எடுக்கும் நடவடிக்கைதான் ஆய்வின் முடிவு. நிபுணர்கள் துணைக்கு மட்டும். உலோகத் தொழிலாளர்களுக்குப் புரியும்படி கம்ப்யூட்டர் பாடநூல்கள் எழுதப்பட்டன.

பலன் கிடைத்தது. ஆலைகளில் புதிய கணினி முறை கொண்டுவருமுன் தொழிலாளர்களுக்குத் தகவல் சொல்லி, கலந்து பேச வேண்டும் என்ற ‘டேட்டா ஒப்பந்தங்கள்’ வந்தன. 1975இல் நாடு தழுவிய தொழிற்சங்கக் கூட்டமைப்பும் முதலாளிகள் சங்கமும் இதற்குப் பொது ஒப்பந்தமே போட்டன. கணினி விஷயங்களைக் கவனிக்கத் தொழிலாளர் தரப்பில் தனிப் பிரதிநிதிகள் வந்தார்கள். 1977இல் நார்வேயின் பணிச்சூழல் சட்டத்திலும் இந்த உரிமை ஏறியது. ஸ்வீடனிலும் டென்மார்க்கிலும் இதேபோன்ற திட்டங்கள் தொடங்கின. இன்று யூஎக்ஸ் துறையில் பயனர்களையும் உட்காரவைத்து வடிவமைக்க வேண்டும் என்று பேசுகிறார்களே, அந்த ஸ்காண்டிநேவிய மரபின் வேர் இந்த உலோக ஆலைகளில் இருக்கிறது. டெலிவரி ஆளின் அடுத்த ஆர்டரையும் அவருடைய ரேட்டிங்கையும் ஆப் முடிவு செய்யும் இந்தக் காலத்தில், நைகார்டின் உறுத்தல் பழையதாகத் தெரியவில்லை.

விமர்சனமும் இருந்தது. ஆராய்ச்சியாளர் ஒரு பக்கம் சாய்ந்து நிற்கலாமா என்று கேட்டார்கள். நிர்வாகத்துக்காக வேலை செய்யும்போது யாரும் இப்படிக் கேட்பதில்லையே என்பது அவர் தரப்பு வாதம்.

நாட்டையே பிரித்த வாக்கெடுப்பு

அரசியல் அவருக்குப் புதிதல்ல. 1960களில் லிபரல் கட்சியில் தீவிரமாக இருந்தவர், பிறகு தொழிலாளர் கட்சிக்கு வந்தார். ஐரோப்பியக் கூட்டமைப்பில் நார்வே சேரலாமா என்று 1972இல் வாக்கெடுப்பு நடந்தபோது, எதிர்த்த இளைஞர் அமைப்புகளை ஒருங்கிணைத்தார். மக்கள் வேண்டாம் என்றார்கள். இருபது ஆண்டு கழித்து அதே கேள்வி திரும்ப வந்தது.

1990இல், 64 வயதில், ‘ஐரோப்பிய ஒன்றியம் வேண்டாம்’ இயக்கத்தின் தலைவரானார் நைகார்ட். அரசாங்கமும் பெரிய நாளிதழ்கள் பலவும் சேர வேண்டும் என்ற பக்கம். அவர் சார்ந்த தொழிலாளர் கட்சியின் பிரதமர் குரோ ஹார்லெம் புருன்ட்லாண்டும் அந்தப் பக்கமே. விவசாயிகள், மீனவர்கள், இடதுசாரிகள், வடக்கு நார்வேக்காரர்கள் என்று ஒருவரோடு ஒருவர் ஒட்டாத ஆட்களை ஒரே குடையின் கீழ் வைத்திருப்பது லேசான காரியமா? நாற்பது லட்சம் சொச்சம் மக்கள்தொகை கொண்ட நாட்டில், இயக்கத்தின் உறுப்பினர் எண்ணிக்கை ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தாண்டியது. 1994 நவம்பர் 28 அன்று வாக்கெடுப்பு. 52.2 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். நார்வே இன்றுவரை ஒன்றியத்துக்கு வெளியேதான் இருக்கிறது. அது சரியான முடிவா என்ற பட்டிமன்றம் அங்கே இன்னும் ஓயவில்லை.

அந்தப் பரபரப்பு முடிந்ததும் 1995இல் தலைவர் பதவியை விட்டுவிட்டு நிரலாக்கத்துக்கே திரும்பினார். டென்மார்க் நண்பர்களோடும் நார்வே நண்பர்களோடும் 1970களிலேயே தொடங்கியிருந்த ‘பீட்டா’ மொழியில் அவர் பங்கு பெரியது. கிளாஸ், மெத்தட் என்று இரண்டு வகை எதற்கு, ஒரே கருத்தாக வைத்துக்கொள்ளலாமே என்று முயன்ற மொழி. அழகான யோசனைதான், ஆனால் பரவவில்லை.

கடைசி ஆண்டுகளில் அவரை ஆட்கொண்டது கற்பித்தல். ஆப்ஜெக்ட் ஓரியன்டட் நிரலாக்கத்தை உலகம் முழுக்கத் தப்பாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள் என்பது அவர் மனக்குறை. ஹலோ வேர்ல்டு, இரண்டு எண்ணைக் கூட்டு என்று பத்து வரி உதாரணத்தில் தொடங்கினால் ஆப்ஜெக்ட் எதற்கு என்றே மாணவருக்குப் புரியாது. அந்தப் பத்து வரிக்கு அது தேவையும் இல்லை. முதல் நாளே கொஞ்சம் சிக்கலான, நிஜமான இடத்தை, நிறையப் பேர் நிறைய வேலை செய்யும் இடத்தைக் காட்ட வேண்டும் என்றார். அதற்காகவே ஆஸ்லோவில் ஒரு ஆய்வுத் திட்டத்தையும் 2002இல் தொடங்கினார்.

42 நாள்

அந்த ஆண்டு பிப்ரவரியில் செய்தி வந்தது: 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது டாலுக்கும் நைகார்டுக்கும். கணினித் துறையின் நோபல் என்று சொல்லப்படும் விருது. மொழி ஓடத் தொடங்கி 37 ஆண்டுகள் கழித்து. டால் அப்போதே உடல்நலம் குன்றியிருந்தார். 2002 ஜூன் 29 அன்று காலமானார்.

நைகார்ட் புதிய திட்டத்தில் மும்முரமாக இருந்தார். ஆகஸ்ட் 10 அன்று மாரடைப்பு. இன்னும் 17 நாளில் 76 வயது ஆகியிருக்கும். இரண்டு மரணங்களுக்கும் இடையே சரியாக 42 நாள். விருது பெற்றவர்கள் நிகழ்த்த வேண்டிய டூரிங் உரையை இருவருமே நிகழ்த்தவில்லை. டாலும் ஹோரும் சேர்ந்து 1972இல் எழுதிய நூலின் மூன்றாவது ஆசிரியர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா. அவரும் அதே ஆகஸ்ட் 6 அன்று இறந்திருந்தார்.

ஆஸ்லோ பல்கலைக்கழகத்தின் கணினித் துறை இருப்பது கௌஸ்டா பகுதியில். துறையின் பழைய கட்டிடத்துக்கு நைகார்டின் பெயர், 2011இல் திறந்த புதிய கட்டிடத்துக்கு டாலின் பெயர். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன.